பத்துக் காலி டின்

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நிற்கட்டும், அதற்கென்ன அவசரம்! வார்னிஷ்காரிக்கு ஒன்பது வருஷமே பெரிய காலம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை அவள் புருஷன் அவளுடைய அண்ணனின் மேசை நாற்காலிப் பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஈரப் பாலிஷில் தூசி ஒட்டுகிறதென்று அண்ணன் ஜன்னல்களை மூடி ஆணி அடித்துவிட்டான். பாலிஷில் கலக்கும் தின்னரின் நெடி உள்ளேயே சுற்றியது. பதினோரு வருஷம் அதைக் குடித்த மனுஷன் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அண்ணன் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் வாய் கூசாமல் சொன்னான்: "மாப்பிள்ளை திருட்டுத்தனமா சிகரெட் குடிச்சே நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாரு. என் பட்டறை என்ன பண்ணும்?"

சிகரெட்டைக் கையால் தொடாத மனுஷன்! ஊரே நம்பியது. நோயைவிட அந்தப் பேச்சுதான் அவரை ஒரு நாற்காலியில் ஒடுக்கிவிட்டது.

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அவளுக்கு அடங்கவே இல்லை. அந்த எரிச்சலில்தான் தண்ணீரில் கரையும், நெடியில்லாத வார்னிஷ் செய்யக் கற்றுக்கொண்டாள். "பச்சைத் தண்ணியை டின்ல அடைச்சு விக்கிறா" என்று அண்ணன் சிரித்தான்.

சிரித்தவனுக்கே அந்தத் தண்ணீர் தேவைப்பட்டது. அரசாங்கப் பள்ளிகளுக்கு மூவாயிரம் பெஞ்சு டெண்டர் அவனுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் இந்தத் தடவை சுற்றுச்சூழலைக் கெடுக்காத சரக்குதான் வேண்டுமாம். மரம் விற்றவர் முதல் வார்னிஷ் விற்றவர் வரை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். காலி டின்களை விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும். எத்தனை வந்தது, எப்படி வந்தது என்று அவர் அரசாங்க வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் பெஞ்சு வண்டியேறும். அந்த வட்டாரத்தில் நெடியில்லாத வார்னிஷுக்குச் சான்றிதழ் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். "கூடப் பொறந்தவ இருக்கும்போது நான் ஏம்மா வெளியில போகணும்?"

அவள் டீ கொடுத்தாள். கையெழுத்தும் போட்டாள்.

அவன் போனதும் புருஷன் கேட்டார்: "என்ன, மனசு மாறிடுச்சா?"

"அவன் புத்தி மாறாதுங்க. எனக்கு அது போதும்."

மூவாயிரம் பெஞ்சுக்கு நாற்பது டின் பிடிக்கும். அண்ணன் பத்து வாங்கினான், அதோடு சரி. மீதி எப்போது வேண்டும் என்று கேட்டு அவள் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பத்துக் காலி டின்னோடு வேனில் வந்து இறங்கினான். புருஷன் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து புது டின்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் முதல் டின்னின் மூடியை நெம்பினாள். அவ்வளவுதான், அவருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண் பிதுங்கியது, லேபிளெல்லாம் தரையில் சிதறின. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மூடியை அழுத்தி மூடினாள்.

"என் டின்ல என்னத்த ஊத்தின?"

அண்ணன் அசடு வழிந்தான். "உன் சரக்கு காயவே நாலு மணி நேரம் ஆகுதும்மா. பெஞ்சு எங்க, பெஞ்சு எங்கன்னு உயிரை வாங்கறாங்க. அதான் பழைய பாலிஷையே இந்தப் பத்து டின்லயும் ஊத்தி வச்சேன். இன்ஸ்பெக்டர் டின்னைத்தானே பார்ப்பான்? நாப்பது டின்னு, எல்லாம் உன் சரக்குன்னு எழுதிடும்மா. இல்லேன்னா டெண்டர் போயிடும், இனிமே எந்த அரசாங்க வேலையும் தர மாட்டாங்க. என்னை நம்பி முப்பது பேர் இருக்காங்க."

"அந்த முப்பது பேரும் ஆணியடிச்ச ஜன்னலுக்குள்ளதானே இருக்காங்க?"

அவன் மீதி டின்களை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எழுதித் தர்றேன். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட உண்மையைச் சொல்லு. சத்தமா. உன் டிரைவருக்கும் கேக்கணும்."

காரியம் ஆகும் வரை காலைப் பிடிக்கத் தெரிந்தவன் அவன். நாற்காலி முன்னால் போய் நின்றான். "மாப்பிள்ளை, சிகரெட் எல்லாம் இல்ல. என் பட்டறை நெடிதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

டிரைவர் வண்டியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். புருஷன் அவளைப் பார்த்து, "சொல்லிட்டான்ல, விடு" என்றார்.

"நீங்க விடுங்க. நான் விடல."

அவள் போனை எடுத்துத் தட்டினாள். "வந்தது பத்து டின். பத்திலும் தின்னர். என் சரக்கு இல்லை." அனுப்பிவிட்டு அண்ணனிடம் காட்டினாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அடிப்பாவி! சொன்னா எழுதித் தர்றேன்னு சொன்னியே!"

"பொய் சொன்னேன். உன் கூடப் பொறந்தவ, எனக்கு மட்டும் வராதா?"

"டெண்டர் போயிடுச்சா?" என்று கேட்டார் புருஷன்.

"போயிடுச்சுங்க."

அவர் சிதறிய லேபிள்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "சரி, இங்க நெடி தாங்கல. அந்த டின்னுங்களை அவனையே தூக்கிட்டுப் போகச் சொல்லு."