எட்டு டம்ளர் தண்ணீர்

வெர்லீன் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு டாலர் நாற்பது சென்ட். சிறுநீரகத்தில் சீழ் பிடித்து இரண்டு ராத்திரி படுத்ததற்கான கூலி அது. தண்ணீர் நிறையக் குடி, இன்னொரு தரம் இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூடத்திலும் அதே பேச்சு. மிசிசிப்பி மாநிலச் சுகாதாரப் பிரசாரத்துக்காக லாட்ரிஸ் என்பவள் வந்திருந்தாள். நம் கறுப்பு ஜனங்களுக்குத்தான் சிறுநீரகம் அதிகம் கெட்டுப்போகிறது, பழக்கத்தை மாற்றுங்கள், தினம் எட்டு டம்ளர் தண்ணீர் என்றாள். ஆளுக்கொரு நீலப் பாட்டிலும், குடித்ததைக் குறிக்க ஓர் அட்டையும் கொடுத்தாள்.

வெர்லீன் பாட்டிலைத் திருப்பி நீட்டினாள்.

"பாட்டில் அழகாத்தான் இருக்கு கண்ணு. குடிச்சுட்டு எங்க போறது?"

லாட்ரிஸுக்குப் புரியவில்லை. வெர்லீனோடு வேலை செய்யும் ஓடீலியா பக்கத்தில் இருந்து சிரித்தாள். "இவ ஆபீஸ்காரி. நெனைச்சா எந்திரிச்சுப் போவா."

வெர்லீன்தான் சொன்னாள். அவர்கள் வேலை செய்யும் கோழி இறைச்சி ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நிற்கும் முப்பது பேரும் கறுப்பர்கள். அறுத்த கோழி பெல்ட்டில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கத்தியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போக மாற்று ஆள் வர வேண்டும். கை தூக்கினால் அரை மணி ஆகும், ஒரு மணியும் ஆகும். அதனால் காலையிலிருந்தே யாரும் வாயை நனைப்பதில்லை. மாடி ஆபீஸில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

லாட்ரிஸ் பாட்டிலை வெர்லீன் கையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு அட்டையின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"டம்ளரை எழுதாதீங்க, மிஸ் வெர்லீன். கை தூக்கின நேரம், ஆள் வந்த நேரம், அதை எழுதுங்க. எல்லாரும்."

வேலை போனால் என் வீட்டு வாடகையை நீ கட்டுவியா என்று ஓடீலியா கேட்டாள். ஆனாலும் எழுதினாள். ரப்பர் பூட்ஸுக்குள் அட்டையைச் செருகிக்கொண்டு ஆறு வாரம் வரிசையில் நின்ற முப்பது பேரும் எழுதினார்கள்.

அட்டைகளைப் பார்த்த டாக்டர், இந்த நோய் வேலையால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து வெர்லீன் அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். ஆலை நான்கு மாதம் இழுத்தடித்தது. அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே இல்லை என்றது. விசாரணை அதிகாரி முப்பது அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். மாற்றுக்கு இரண்டு பேர் போட வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவும் ஆலையுடையது என்று தீர்ப்பாயிற்று. கோழி வருகிற வேகம் மட்டும் குறையவில்லை.

மறு திங்கட்கிழமை வெர்லீன் காரிலேயே நீலப் பாட்டிலைக் காலி செய்தாள். ஒன்பது மணிக்குக் கை தூக்கினாள். நான்கு நிமிஷத்தில் மாற்று ஆள் வந்தாயிற்று.

அந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. பாக்கி ஒன்றுமில்லை. முழுத் தொகையையும் ஆலை கட்டியிருந்தது, அந்த நாற்பது சென்ட் உட்பட.