செவ்வாய்க்கிழமை வாசகர்

சரக்குக் கிட்டங்கி மேனேஜர் ஆவுடையப்பன் என் மேஜையில் நூலக வருகைப் பதிவேட்டை விரித்து, ஒரு பெயரின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய வாட்ச்மேன் மரியான், காக்கிச் சட்டையோடு. செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்து, மரியான், கையெழுத்து. அதே செவ்வாய்க்கிழமை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் கப்பலுக்குப் போகவேண்டிய ஆறு பொதி நிலவாகை மருந்திலை கிட்டங்கியிலிருந்து காணாமல் போயிருந்தது.

அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. முத்தையாபுரம் போகிற ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் கிளை நூலகம். தினமும் ஐம்பது பேர் வராவிட்டால் கிளையைப் புதுக்கோட்டைப் பக்கம் தூக்கிவிடுவோம், உம் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்ததோ பன்னிரண்டு பேர். அதிலும் நாலு பேர் ஃபேன் காற்றுக்கு வந்த புண்ணியவான்கள். மீதி முப்பத்தெட்டு வாசகர்களையும் நான்தான் படைத்தேன். இன்ஸ்பெக்டர் சில சமயம் விலாசம் விசாரிப்பார் என்பதால், பெயர்கள் நிஜ ஆட்களுடையவையாக இருக்கவேண்டும். மரியான் ஞாயிற்றுக்கிழமை லீவில் மட்டும் வந்து கடல் பிரயாணப் புத்தகங்களாகப் பார்த்துப் படிப்பவன். குண்டு குண்டாக எழுதுவான், காப்பியடிக்கச் சுலபம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்பினேன். வெட்கங்கெட்ட நம்பிக்கை.

“நா அன்னைக்கு இங்கன வரவே இல்ல, கேட்டுலதான் நின்னேன். நீங்களே சொல்லுங்க சார்,” என்றான் மரியான்.

அவன் குரலில் துளி பயமில்லை. வேலை நேரத்தில் லைப்ரரியில் கிடக்கிறான் என்று எவனோ கோள் சொல்ல, ‘ஞாயித்துக்கெழம தவிர போனதில்ல, ரிஜிஸ்டரப் பாருங்க’ என்று அவனேதான் மேனேஜரை இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

“வந்தானா, வரலையா? ஒத்தச் சொல்லு சொல்லும் வே,” என்றார் ஆவுடையப்பன்.

உண்மையைச் சொன்னால் கள்ளக் கையெழுத்துக்கு நான் உள்ளே போவேன். ரொம்பத் தவித்துத்தான் பதில் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. பொய். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

“வந்தாருங்க. பேப்பர் படிச்சிட்டு ஆறு மணிக்குத்தான் போனாரு.”

அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மரியான் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். எல்லாம் ஒரே மை. படிக்கிறவன் அல்லவா, புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள், “ஏலே, இனி கிட்டங்கிப் பக்கம் ஒன்னப் பாத்தேன், போலீசுதான்,” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் படியிறங்கினார்.

மறுநாளிலிருந்து மரியான் தினமும் வந்தான். வேலைதான் இல்லையே. கதவு திறக்கும்போதே நிற்பான், என் எதிர்ப் பெஞ்சில் பூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பான். எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாருக்கும் பொதுவான இடம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அன்றைய கணக்குக்கு நாற்பத்தாறு பெயர் தேற்றியிருந்தேன். மரியான் எழுந்து வந்து, கேட்காமல் என் பேனாவை எடுத்தான். தன் பெயரை எழுதினான். அடுத்த வரியில் மெட்டில்டா, அவன் மனைவி. அதற்கும் கீழே ரோச், ஆக்னஸ், அவன் பிள்ளைகள். நாலு கையெழுத்தையும் நாலு விதமாகச் சாய்த்துப் போட்டான். என்னைவிட நன்றாகவே போட்டான்.

“நாலு பேரும் வீட்டுல அடுப்பப் பாத்துக்கிட்டுச் சும்மாதான் இருக்கோம். இங்கன வந்ததா இருக்கட்டும். ஒங்க கணக்குக்கு ஆகும்லா சார்?”

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவன் நகராமல் நின்றான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீழே மொத்தம் ஐம்பது என்று எழுதிக் கோடு போட்டேன்.