ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டியவர்

பதினாறு நாளாக ரேடியோ பேசவில்லை.

பழுது எதுவும் இல்லை. விழுப்புரத்தில் சார்ஜ் செய்து எடுத்துவந்த பேட்டரி நிறைந்திருந்தது. இரண்டு பனைமரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியும் அப்படியே இருந்தது. டிசம்பரோடு லைசென்ஸ் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். திண்டிவனம் தபாலாபீசில் பத்து ரூபாய் கட்டினால்தான் இன்னொரு வருஷம் கேட்கலாம். கட்டாமல் கேட்டால் குற்றம். லைசென்ஸ் மாசிலாமணியின் பேரில் இருந்தது. மயிலத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சேரியின் பள்ளிக்கூடத்தில் அவன்தான் ஒரே வாத்தியார். கேஸ் வந்தால் வேலை போய்விடும்.

முந்தின வருஷம் சேரியே சேர்ந்து கட்டியது. கட்டிய வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே உட்காரலாம். கட்டாதவர்கள் வெளியே. சத்தம் கயிற்றைத் தாண்டிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கயிறு இருந்தது. பூமாலை ஒரு காசும் கட்டாதவன். தினமும் கயிற்றை ஒட்டினாற்போல வெளியே உட்கார்ந்துகொண்டு, "நான் எங்க கேக்கறேன்? அதுவா வந்து காதுல உழுது" என்பான்.

முதலில் கட்டியவள் கிளியம்மாள். புருஷன் இல்லை. மகள் பொன்னி ஐந்தாவது படித்தாள். "மெட்ராஸ்ல ஒருத்தன் தொண்டைத் தண்ணி வத்தப் பேசறான். கூலி குடுக்காம கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லித்தான் அவள் காசைக் கொடுத்தாள்.

இந்த வருஷம் மழை பிந்தியது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. யாரிடமும் காசில்லை.

அப்போதுதான் விருத்தாசலம் ஆள் அனுப்பினார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். அவருடைய குமாஸ்தா முருகையன் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னான்.

"லைசென்சு பணத்த முதலாளியே கட்டிடறாராம். நடுநடுவுல மண்டி பேர நான் நாலு வாட்டி சொல்லிக்கினு போறேன். வேற ஒண்ணும் வேணாம்."

"ஒரு மாசம் பொறுத்தா நாமளே கட்டிடலாம்" என்றாள் கிளியம்மாள்.

"ஒரு மாசத்துல வெள்ளைக்காரன் சண்டையே முடிஞ்சிடும் யக்கா" என்றான் பூமாலை. "அவரு கட்டினா கயிறு எதுக்கு? அவுத்துப் போடுங்க."

"கயிறு இருந்தப்ப மட்டும் நீ வெளியவா இருந்த? உன் காது உள்ளதான இருந்துது?"

எல்லோரும் சிரித்தார்கள். பூமாலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான்.

மறுநாள் பணம் வாங்கிக்கொள்ள மாசிலாமணி மண்டிக்குப் போனான். விருத்தாசலம் பத்து ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"சாயங்காலம் மெட்ராஸ் விலைவாசி சொல்றாங்க இல்ல? அந்த நேரம் மட்டும் மூடி வச்சிடு."

"அது ஜனங்க கேக்கறதுங்க."

"பாட்டைக் கேக்கட்டும். சண்டை நியூஸைக் கேக்கட்டும். நானா வேணாங்கறேன்? அஞ்சு நிமிஷம் வாத்தியாரே."

ஐந்து நிமிஷம்தான் என்று மாசிலாமணியும் நினைத்தான். மீதி நேரமெல்லாம் சேரிக்குத்தானே. நோட்டை வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் கூட்டம் அதிகம். கயிறு இல்லாததால் யார் எங்கே உட்காருவது என்று சின்னத் தகராறு வந்து தீர்ந்தது. பாட்டு முடிந்ததும் முருகையன் எழுந்து தகரத்தைத் தட்டினான். "நல்ல எடை! நல்ல விலை! விருத்தாசலம் மண்டி!" பிள்ளைகள் அதையே திருப்பிக் கத்தினார்கள். ரேடியோவில் ஒருவர் கிணற்றுக்கு மருந்து போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது யாருக்கும் கேட்கவில்லை.

விலைவாசி நேரம் வந்தது. முழுதாக மூடிவிட்டால் அடுத்த நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று தெரியாது. அதனால் மாசிலாமணி சத்தத்தைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டான். அவனுக்கு மட்டும் கேட்டது. பருத்தி, எள், மல்லாட்டை. ஒவ்வொரு நாளும் இப்படியே கேட்டான். எதற்காக மூடச் சொன்னார் என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. அதற்குப் பிறகு அவன் முருகையனின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

"வாத்தியாரே, போன வருசம் மல்லாட்டை விலை சொல்வாங்களே" என்றாள் கிளியம்மாள் ஒருநாள். "இப்ப சொல்றதில்லியா?"

"பேட்டரிய மிச்சம் பிடிக்கறேன்க்கா. விழுப்புரம் போயி வர்றது பேஜாரா இருக்குது."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் அவனை நம்பினாள்.

மாசியில் அறுவடை வந்தது. கூலி மல்லாட்டையாகவே கிடைத்தது. பிடுங்கியதில் பன்னிரண்டு படிக்கு ஒரு படி. கிளியம்மாளும் பொன்னியும் பல காடுகளில் குனிந்து பிடுங்கினார்கள். பொன்னி பள்ளிக்கூடம் வரவில்லை. கடைசியில் இரண்டு மூட்டை சேர்ந்தது.

"திண்டிவனம் சந்தையில ரெண்டு சினை ஆடு பாத்து வச்சிருக்கேன் வாத்தியாரே" என்றாள் கிளியம்மாள். "ரெண்டுக்கும் சேத்து இருவது ரூவா சொல்றான். ஒரு ரூவா கொறையாதாம். ஆடு வந்துட்டா இவளப் பண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டேன். உங்ககிட்டயே படிக்கட்டும். வரலேன்னா சித்திரையில அனுப்பித்தான் ஆவணும். பண்ணைக்காரரு கேட்டுக்கினே இருக்காரு. நீங்க கூட வாங்க. மண்டியில கணக்குப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்."

அவனால் மறுக்க முடியவில்லை. சந்தையன்று மாட்டுவண்டியில் மூன்று பேரும் போனார்கள். வழியெல்லாம் ஆடுகளுக்கு என்ன பேர் வைப்பது என்று பொன்னி கேட்டுக்கொண்டே வந்தாள். மாசிலாமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டியில் கூட்டம். முருகையன் மூட்டைகளைத் தராசில் ஏற்றினான். எடை சரியாகவே இருந்தது. விருத்தாசலம் ஒரு பிடி காயை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

"மூட்டை எட்டு ரூவா."

கிளியம்மாள் விரல்களை மடக்கினாள். பொன்னி அதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டிருந்தாள். "பதினாறும்மா" என்றாள் மெதுவாக.

"இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க சாமி. காயி நல்ல காயி."

"நானா விலை வைக்கறேன்? மெட்ராஸ்ல வைக்கறான். சண்டையில கப்பல் போவல. விலை படுத்துப் போச்சு."

"போன வருசம் பத்து வித்துதுங்களே."

"போன வருசம் போன வருசம். எம்பேச்ச நம்பலேன்னா வேற ஆளைக் கேளு." விருத்தாசலம் சிரித்தபடி மாசிலாமணி பக்கம் கையைக் காட்டினார். "இதோ நிக்கறாரே உங்க வாத்தியாரு. தினம் ரேடியோ கேக்கறவரு. நான் லைசென்ஸ் கட்டின ரேடியோ. என்னா வாத்தியாரே, எட்டுதான? சொல்லு இந்தம்மாவுக்கு."

சுற்றி மூட்டைகளோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், சேரிக்காரர்கள். பூமாலையும் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். கிளியம்மாள் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப் போகிறவள் பார்க்கிற பார்வை.

தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம்.

"என்னாய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்றான் முருகையன்.

மாசிலாமணி தராசைப் பார்த்தான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மண்டி முழுக்கக் கேட்டது.

"நேத்து சாயங்காலம் மெட்ராஸ்ல சொன்ன விலை, மூட்டை பதினொரு ரூவாக்கா."