அடையாளம் விழாமல்

வீடியோவில் முகம் தெரியவில்லை. ஒரு கட்டில், அதில் மல்லாந்து கிடக்கும் ஆஜானுபாகுவான ஒரு மனிதர், நீலக் கையுறை மாட்டிய இரண்டு கைகள். கைகள் வந்தன, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஒருக்களிக்க வைத்தன, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகின, போய்விட்டன. சிஸ்டர் அதை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

நர்ஸ் வேலையை விட்ட பிறகும் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டிய கணவரே அப்படித்தான் கூப்பிடுவார், கேலியாக ஆரம்பித்தது பழகிப்போய்விட்டது. மூட்டு தேய்ந்து இனி வார்டில் நிற்க முடியாது என்றான பின், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பராமரிக்கச் சொல்லித்தரும் இணையவழிப் பயிற்சி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். மாணவர்கள் செய்துகாட்டி அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து, சரி தப்பு எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்து வேலை. சேர்ந்த அன்றே ஒருங்கிணைப்பாளர் சில வாக்கியங்களை அனுப்பியிருந்தான். ‘அருமையான முயற்சி’, ‘தொடர்ந்து கலக்குங்கள்’. ஏதாவது ஒன்றை வெட்டி ஒட்டினால் போதுமாம். “தம்பி, இது பின்னூட்டமா, பொறந்தநாள் வாழ்த்தா?” என்று கேட்டாள் சிஸ்டர். நன்று என்று எழுதினால் எது நன்று என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். உங்கள் முழங்கை இங்கே இருக்கிறது, அங்கே இருக்க வேண்டும். அவர் விழுங்கும் முன்பே அடுத்த கரண்டியை எடுத்துவிட்டீர்கள். எழுதி எழுதி விரல் வலிக்கும். ஆனால் அடுத்த வீடியோவில் அந்த முழங்கை இடம் மாறியிருப்பதைப் பார்க்கையில் ஒரு நிறைவு வரும். வார்டில் காய்ச்சல் இறங்கியதைப் பார்க்கிற நிறைவு.

நீலக் கையுறைக்கும் அப்படித்தான் எழுதினாள். விண்ணப்பக் குறிப்பில் நோயாளி தன் கணவர் என்றும், பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ‘மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தோல் மெலிந்திருக்கும், அடையாளம் விழும். தோளுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்புங்கள். அவருடைய மேல்கையில் ஏற்கெனவே கன்றிப்போன தடம் தெரிகிறது, கவனியுங்கள்.’

அடுத்த வீடியோவில் உள்ளங்கை தோளுக்கடியில் அழகாகப் போனது. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். அவருக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள்.

அது சாய்த்து உட்காரவைத்து உணவூட்டும் பயிற்சி. சிஸ்டர் அதை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எது உறுத்துகிறது என்று பிடிபட்டது. சாப்பிடுகிறவர் கரண்டியைப் பார்ப்பார், அல்லது ஊட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பார். இவர் கரண்டி பிடிக்காத இன்னொரு கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை சும்மா மெத்தை மேல் இருந்தது. அது அசைந்தபோதெல்லாம் நல்ல பக்கத்துத் தோள் மேலேறி ஒடுங்கியது. சிஸ்டர் நெடுநேரம் யோசித்து எழுதினாள். ‘உங்கள் கை அருகில் வரும்போது அவர் உடம்பு இறுகுகிறது. பயத்தில்தான் இப்படி ஆகும். தொடும் முன் அவரிடம் பேசுங்கள்.’

மூன்றாவது வீடியோவில் முதன்முறையாகக் குரல் கேட்டது. மெல்லிய, இனிமையான குரல். “ஏங்க, இப்ப அந்தப் பக்கம் திரும்பப் போறோம், சரியா?” அவர் இறுகவில்லை. எதுவுமே செய்யவில்லை. கண் பாதி செருகியிருந்தது, கை போட்ட இடத்தில் கிடந்தது, கடைவாயில் எச்சில் வழிந்தது. தூக்க மாத்திரை கொடுத்த உடம்பு எப்படியிருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியும். அவள் சுட்டிக்காட்டிய குறை ஒன்றுவிடாமல் திருத்தப்பட்டிருந்தது. கையைத் திருத்தச் சொல்லியிருந்தாள். ஆளைத் திருத்திவிட்டார்கள்.

ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்! அந்த நீலக் கையுறை வீடியோவ மாதிரி வீடியோவா எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போறோம். நீங்க எழுதினதையும் சேர்த்துத்தான். எழுத எழுத எப்படி முன்னேறியிருக்காங்க பாருங்க!”

“தம்பி, அந்த வீட்ல ஏதோ நடக்குது. அவங்க வீட்டு விலாசம் வேணும்.”

“சிஸ்டர், நாம வீடியோவுக்குத்தான் மார்க் போடறோம். வீட்டுக்கு இல்ல.”

பயிற்சியின் முடிவில் ஒவ்வொரு மாணவரோடும் நேரில் பேசுவதுபோல் திரையில் ஒரு சந்திப்பு உண்டு. சிஸ்டர் அதை முன்னதாகவே வைத்தாள். திரையில் வந்தவள் அவள் மனதில் உருவாகியிருந்த பெண்ணே இல்லை. ஒடிசலான உடம்பு, நரை கலந்த தலை, கும்பிடும்போது கூச்சத்தோடு ஒரு சிரிப்பு. இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் விறைத்து நின்றது.

“உங்களப் பாக்கணும்னு ரொம்ப ஆசை சிஸ்டர். இவ்வளவு அக்கறையா எனக்கு யாருமே சொல்லிக் குடுத்ததில்ல.”

“அவர் மேல்கைல ஒரு தடம் இருந்துச்சேம்மா?”

“இப்ப இல்ல சிஸ்டர். மணிக்கட்டப் புடிச்சா அடையாளம் விழும்னு நீங்கதான எழுதினீங்க.” அவள் கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அதே இனிமையோடு சொன்னாள். “அவருக்கு அதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, பாவம். அவர் கை வச்சா வச்ச இடத்துல தடம் விழுந்துடும். இந்த விரல் இனிமே மடங்காது. பக்கத்து வீட்ல கேட்டா கதவுல நசுங்கிடுச்சும்பேன். கல்யாணமான நாள்லேந்து எத்தன கதவு சிஸ்டர் எங்க வீட்ல!” சிரித்தாள்.

வார்டில் இப்படிக் கதவில் நசுங்கியவர்களுக்கு, படியில் உருண்டவர்களுக்கு அவள் எத்தனையோ முறை கட்டுப் போட்டிருக்கிறாள்.

“அவரக் கொஞ்சம் காட்டும்மா.”

போன் கட்டிலை நோக்கித் திரும்பியது. அன்று அவர் விழித்திருந்தார். வழித்த முகம், படிய வாரிய தலை. சிஸ்டர் வார்டில் பேசும் குரலில் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். “ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா? கேக்குதுன்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறங்க.”

அவர் மூடித் திறந்தார்.

“அங்க உங்களுக்கு ஏதாவது பயமா இருக்குங்களா? ஆமான்னா அதே மாதிரி செய்ங்க.”

“சொல்லுங்க,” என்றாள் மனைவி. “அவ்வளவு தூரத்துலேந்து கேக்கறாங்கல்ல.”

அவர் கண்ணை மூடவில்லை. விரியத் திறந்து வைத்துக்கொண்டார். கண் சிவந்தது, நீர் கோத்தது, இமை துடித்தது, ஆனாலும் மூடவில்லை. ஒரு முறை இமை தவறி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவரைப்போல. நீர் கன்னத்தில் இறங்கியபோது நீலக் கையுறை பஞ்சோடு வந்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, சொல்லிக்கொடுத்தபடியே துடைத்தது.

மறுநாள் முழுக்க சிஸ்டர் வீடியோக்கள் பக்கமே போகவில்லை. வயரிங் வேலைக்குப் போய்விட்டுச் சாப்பிட வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தாளு விதைச்சது, அந்தாளு அறுக்கறான்,” என்றார் அவர். “நீ நடுவுல போய்த் தலைய குடுக்காத. உனக்கு அந்தம்மா மேல பரிதாபமே வரலியா?”

“வருது. அதுக்காக? வார்டுக்கு வந்தவன் நல்லவனா கெட்டவனான்னு ஒரு நாளாவது கேட்டுட்டா ஊசி போட்டேன்?”

சொல்லிவிட்டாள், ஆனால் தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்தப் பெண்ணின் கதவுகளை யாராவது ஒருவர் அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பார்த்தும் கேட்காமல் விட்டவர்களில் தானும் உண்டோ என்றும். எழுந்து போய் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, விலாசம் வராவிட்டால் இனி ஒருவருக்கும் மார்க் வராது என்றாள். அவன் கெஞ்சினான், கோபப்பட்டான், கடைசியில் நான் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள் என்று கொடுத்தான். சிஸ்டர் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்குப் பேசினாள். போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்க்கவும் செய்தார்கள். போய் வந்த ஊழியர் அவளுக்கே போன் செய்தாள்.

“நல்லாத்தான் இருக்காரு மேடம். படுக்கைப்புண் ஒண்ணுகூட இல்ல. சட்டையக் கழட்டிப் பாத்துட்டேன், ஒரு கீறல் கிடையாது. இப்படி ஒரு பொண்டாட்டி அமையக் குடுத்து வச்சிருக்கணும்.”

“அவர்கிட்ட தனியாப் பேசினீங்களாம்மா?”

“பேச்சே வராதே மேடம் அவருக்கு. ஆங், சொல்ல மறந்துட்டேன். நீங்க எழுதினதெல்லாம் பெருசா பிரிண்ட் எடுத்துக் கட்டில் பக்கத்துச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாங்களாம். எனக்கும் படிச்சுக் காட்டினாங்க. நீங்கதான் அந்தக் குடும்பத்துக்குக் கண்கண்ட தெய்வம்னாங்க.”

சிஸ்டர் போனை வைத்தாள். அவர் படுத்தபடி பார்க்கும் இடத்தில், அவள் எழுத்து. ‘அடையாளம் விழும். கவனியுங்கள்.’

சில வாரங்கள் கழித்து ஒருங்கிணைப்பாளர் குதூகலமாக ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். நீலக் கையுறை மேல்நிலைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாராம், சிஸ்டரே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாராம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஊட்டுவதுதான் முதல் பாடம். வீடியோ வந்திருந்தது.

அந்த மனிதர் பாதியாகியிருந்தார். சட்டையின் கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை போகும். தலை நிமிர்ந்திருந்தது, தாடை சற்றுத் தாழ்ந்திருந்தது, முதுகுக்கு இரண்டு தலையணை. எல்லாம் சரி. நீலக் கையுறை கரண்டியை அவருடைய உதட்டருகே கொண்டுவந்து நிறுத்தியது. “அவசரமே இல்லைங்க,” என்றது குரல். “நான் காத்திருக்கேன்.” அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டி அப்படியே நின்றது. துளியும் நடுங்கவில்லை. அவர் கண் இம்முறை கையைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தது. கரண்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது. அது சூடா, வெறும் வெதுவெதுப்பா என்று திரையில் தெரியவில்லை.

பிள்ளைக்கு ஊட்டுகிறவள் தன்னையறியாமல் தன் வாயைத் திறப்பதுபோல, சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்த சிஸ்டரின் வாய் மெல்லத் திறந்துகொண்டது.