மூன்றாம் ஓலை

மேடையில் நிற்க இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பாடிப் பாடி வந்ததென்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அது பொய்.

தொண்ணூற்றாறில் எனக்கு இருபத்திரண்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறு வெட்டிக்கொண்டே மனதுக்குள் பாட்டுக் கட்டுவேன். அப்பா கன்னையன், மங்கலத்துக் கிறிஸ்தவச் சபையில் பாடகர் குழுவை நடத்தினார். ஐந்து வயதில் என்னைப் பெஞ்சு மேல் நிறுத்திப் பாடவைத்தவர், நானே எழுதிய பாப் பாடல்கள் கேசட்டாக வந்ததும் என்னோடு பேச்சை நிறுத்தினார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மணமக்கள் பெயரை அறிவிக்கும் ஓலை வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். எனக்கும் சாமியப்பனுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாம் ஞாயிறு, கோயில் வாசலில் அவன் அம்மா வேலாத்தாள் என்னை மடக்கினாள்.

“ஏங்கண்ணு, பஸ் ஸ்டாண்டு டீக்கடைல உங்குரலு கத்திட்டுக் கெடக்குது. ‘ஆரையுங் கேக்க மாட்டேன்’னு பாட்டாமா! பொட்டப்புள்ளைக்கு அதென்ன பாட்டு?”

“தப்பான பாட்டு இல்லீங்க அத்தை.”

“கர்த்தரைப் பாடுன வாய்ல சாக்கடையை ஊத்திட்டு நாயம் வேற. இனிப் பாட மாட்டீன்னு உங்கப்பன் எங்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு.”

பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன். கேசட் வந்த பிறகு அன்றுதான் என்னிடம் பேசினார்.

“ஆமா, குடுத்தேன். உள்ள போயி உக்காரு.”

கேசட்டின் முதல் பிரதியை ஆசையாக வாங்கிக்கொண்டவன் சாமியப்பன். இப்போது வாட்ச்சைத் திருகிக்கொண்டு நின்றான். “அம்மா சொல்றதைக் கேட்டுக்கோ சலோமி.”

உள்ளே போதகர் எங்கள் பெயர்களை வாசித்து, “தடை ஏதும் உண்டா?” என்றார். அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். அவ்வளவுதான் வழக்கம்.

நான் எழுந்தேன்.

“பொண்ணு எந்திரிக்கக் கூடாதும்மா,” என்றார் போதகர் தணிந்த குரலில்.

“தடை இருக்குதுங்கய்யா. பாட்டை நிறுத்தறன்னு எம்பேர்ல வாக்குக் குடுத்திருக்காங்க. நாங் குடுக்கலீங்க. இந்தப் பாட்டைக் கர்த்தர்தாங் குடுத்தாரு. அவரு முன்னால பொய் சொல்லி எனக்குக் கண்ணாலம் வேண்டாங்க.”

“புள்ளை வளத்த லட்சணத்தைப் பாரு!” வேலாத்தாள் பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள். மகனை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

“இனி எம்பட ஊட்டு வாசல மிதிக்காத,” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே.

போதகர் புத்தகத்தில் எங்கள் பெயர்களை அடித்தார். அடுத்தது சபையார் சேர்ந்து பாடும் பாட்டு. அப்பா தொடங்க வேண்டும், வாய் திறக்கவில்லை.

நான் தொடங்கினேன். பாதிப் பேர் சேர்ந்துகொள்ளவில்லை. கடைசிச் சரணம் வரை பாடி முடித்த பிறகுதான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.