நான் ஒன்றும் செய்யவில்லை

பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். பதினொரு பேரும் ஒரே வசனம்தான்: நான் ஒன்றும் செய்யவில்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எந்த நாளில் எந்த வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வரும் என்று காட்டும் செயலி அது. யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம். நாங்கள் நாலு பேர் சம்பளமில்லாமல் மாரடிக்கிறோம். கண்டாவளைப் பக்கம் சில போன்களில் தண்ணீர் முறை ஒரு நாள் முந்திக் காட்டுகிறது. சனம் முதல் நாளே போய் வெறும் வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. மறுநாள் வருகிற தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. வவுனியாவில் என் போனிலோ எல்லாம் சரி. அடுத்த முறை சனிக்கிழமை விடிய. சிறுபோக நெல் கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிறது, இதுவும் தவறினால் பதர்தான்.

பிழை அறிக்கைப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான். பெயர். இடம். பிழை நடப்பதற்கு முன் என்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றாக எழுதவும். இதைவிட விளக்கமாக எப்படிக் கேட்பதாம்?

இருப்புக் கொள்ளாமல் வியாழக்கிழமை பஸ் ஏறினேன். பதினொரு பேரில் எனக்கு வீடு தெரிந்தவர் நாகேஸ்வரி அக்கா ஒருவர்தான். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினா. நான் இருக்கவில்லை.

"அக்கா, போனில என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை."

"அதைத்தானே எழுதியும் விட்டனீங்கள். வாய் திறந்து சொன்னாத்தானே திருத்தலாம். காயப்போறது உங்கட வயல்."

அவா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து வைத்தா.

"சண்டை முடிஞ்சு ஆமியின்ர முகாமில இருக்கேக்க இப்பிடித்தான் ஒரு கடுதாசி தந்தவங்கள். பேர், இடம், அதுக்கு முதல் என்ன செய்தனீங்கள், ஒவ்வொண்டா எழுதுங்கோ எண்டு. என்ர அவர் ஒண்டையும் ஒளிக்காமல் எழுதிக் குடுத்தவர். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். பதினாறு வருசமாச்சு."

என் படிவத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. கதிரையில் இருந்தேன்.

அவாவே போனை எடுத்து நீட்டினா. சுவர் மணிக்கூட்டில் பகல் பதினொரு மணி. போனில் விடிய ஒன்றரை.

"மகன் கனடாவில. அவன் முழிப்போ நித்திரையோ எண்டு பார்க்க அங்கத்தை நேரத்தை வைச்சிருக்கிறன். அதுதான் பிழையோ?"

இங்கே சனிக்கிழமை விடியும்போது அங்கே இன்னும் வெள்ளி இரவு. செயலி திகதியைப் போனின் நேரத்திலிருந்து எடுத்து, சனிக்கிழமை முறையை வெள்ளி என்று காட்டியிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டிய ஊரில்.

"இல்லை அக்கா. பிழை எங்கட."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, எந்தப் போனிலும் இலங்கை நேரத்தையே எடுக்கும்படி மாற்றினேன். பிறகு படிவத்துக்கு வந்தேன். 'பிழை அறிக்கை' என்ற தலைப்பையும் அந்தக் கேள்வியையும் அழித்துவிட்டு எழுதினேன்: எங்கள் செயலி பிழை விடுகிறது. உங்கள் போனில் என்ன தெரிகிறது?

அவா பக்கத்தில் நின்று வாசித்தா.

"நான் முதல் அனுப்பினதில இருந்து என்ர பேரை மட்டும் எடுத்துவிடும், பிள்ளை."

எடுத்தேன். பெயர் கேட்கும் கட்டத்தையும் இடம் கேட்கும் கட்டத்தையும் சேர்த்தே எடுத்தேன்.

சனிக்கிழமை காலை படிவத்தில் ஒரு படம் வந்திருந்தது. நெல்லடியில் கணுக்கால் அளவு தண்ணீர். எழுத்து ஒன்றும் இல்லை. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.