சாச்சி ஊடு

ஐம்பத்தாறு எழுத்து. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் படித்தால் ஒரு மண்ணும் புரியாது. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் மூன்று நாளாக அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இர்பானா. அவளுடைய அண்ணன் சஹாபுதீன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்தது அந்த ஐம்பத்தாறு எழுத்து மட்டும்தான்.

சஹாபுதீனுக்கு சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்கு மில்லில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் வேலை. யார் எந்த ஷிப்டில் உள்ளே போனார்கள் என்று டிக் அடிப்பான். போன மாதம் பழைய இரும்போடு சேர்த்து மூடி திறக்காத ஒரு சிலிண்டரையும் உலைக்குள் போட்டுவிட்டார்கள். வெடித்தது. ஒரிசாப் பையன்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மில்லோ, "அவனுங்க சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டானுங்க" என்று கூசாமல் சொன்னது. அன்றைக்கு அவர்கள் உள்ளே போனதைப் பார்த்து டிக் அடித்தவன் சஹாபுதீன். யூனியன் வக்கீல் ஆசீர்வாதம் கேஸ் போட்டார். திங்கட்கிழமை திருவள்ளூர் கோர்ட்டில் சஹாபுதீன் சாட்சி சொல்லவேண்டும்.

அதற்குள் மில்லில் இருந்து ஆள் வந்துவிட்டது. சஹாபுதீன் பின்பக்கமாக ஓடித் தப்பினான். வந்தவர்கள் வீட்டில் இருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, எதிர்க் கடையில் டீ குடித்தபடி குந்திக்கொண்டார்கள். அம்மா பீவி ஜான் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள். "எம் புள்ள இருக்கானா இல்லியா, அத்த மட்டும் சொல்லுடி" என்பதே பேச்சு.

வியாழக்கிழமை அந்த எழுத்துகள் வந்தன. அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்படி ஒரு கிறுக்கு உண்டு. ரகசிய எழுத்துப் புதிர்களை உலகம் முழுக்க இருக்கிறவர்கள் கூடி அவிழ்க்கிற ஒரு வெப்சைட்டில் இரண்டு பேரும் மெம்பர்கள், அதன் வழியாகத்தான் அவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தான். ஒருவன் சாவிச் சொல் வைத்து எழுத்துகளை மாற்றிப் போடுவான், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இவர்கள் சாவி எப்போதும் பழவேற்காட்டு ஏரி மீன் பெயர்தான், அது சொந்த ஊர். கொடுவா, மடவை, இறால், கெளுத்தி, கிழங்கான் என்று ஒன்று விடாமல் இர்பானா போட்டுப் பார்த்தாள். ஒன்றும் அவிழவில்லை.

சனிக்கிழமை காலை பொறுமை போய், அந்த வெப்சைட்டிலேயே எல்லோரும் பார்க்க அதைப் போட்டுக் கெஞ்சினாள். 'இது என் அண்ணன் எழுதியது. அவசரம். உதவி செய்யுங்கள்.'

போலந்துக்காரர் ஒருவர் உடனே கேட்டார். "உன் அண்ணன் கண்டிப்பாக எழுதியிருக்கும் ஒரு சொல் எது?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா.

அவர் அந்தச் சொல்லை ஒவ்வோர் இடமாக வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஓரிடத்தில் சாவியின் துண்டு ஒன்று உதிர்ந்தது: என், கே, இ, எல். சாவி திரும்பத் திரும்ப வரும், என்னில் முடிந்து கே, இ, எல் என்று மறுபடி தொடங்குகிறது. இர்பானா தலையில் அடித்துக்கொண்டாள். கெலங்கான்! இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக 'கிழங்கான்' என்று போட்டிருக்கிறாள், அவன் வீட்டில் பேசுகிற மாதிரியே 'கெலங்கான்' என்று போட்டிருக்கிறான். அந்தப் பக்கத்திலேயே சாவியைப் போட்டதும், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ் பொலபொலவென்று கொட்டியது.

நான் நல்லா இருக்கேன். அம்மாவாண்ட சொல்லு. கோர்ட்டு வரைக்கும்...

கடைசிப் பத்து எழுத்தைப் படித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அல்லாவே, பத்திரமாக இருக்கிறான்!

அதற்குள் டொரண்டோவில் இருந்து குமரன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் எல்லோருக்கும் பொருள் சொல்லிவிட்டார். "கடைசியிலை 'சாட்சி, ஓடு' எண்டு கிடக்கு. ஆரோ ஒரு சாட்சியை ஓடித் தப்பச் சொல்லுறார். பயமாக் கிடக்குது தங்கச்சி."

இர்பானாவுக்குச் சிரிப்பு. மூன்று நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. விரல் சும்மா இருக்குமா? தட்டினாள். 'இல்லை அண்ணா, அது சாட்சி இல்லை, சாச்சி. எங்கள் வாப்பாவின் தம்பி மனைவி. ஓடு இல்லை, ஊடு. எங்கள் பக்கம் வீட்டை அப்படித்தான் சொல்லுவோம். அண்ணன் திருநின்றவூரில் சாச்சி வீட்டில் இருக்கிறான். எல்லோருக்கும் நன்றி!'

உலகம் முழுக்கக் கைதட்டல். மஞ்சள் முகங்கள் வரிசையாகச் சிரித்தன. பாவிப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்க மெம்பராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மில் ஆபீசில் அண்ணனுக்குப் பக்கத்து சீட்டு சந்திரமோகன், சாப்பாட்டு நேரத்தில் அவன் புதிர் போடுவதைத் தினம் எட்டிப் பார்த்தவன்.

வீட்டுக்கு வந்து அம்மா காதில் சொன்னாள். பீவி ஜான் எழுந்து உட்கார்ந்து, நாஷ்டாவுக்கு வைத்திருந்த இட்லியில் இரண்டு தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்க் கடையில் குந்தியிருந்தவர்களைக் காணோம். விட்டது தொல்லை என்று இர்பானா நினைத்தாள். ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் தன் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "இந்தாம்மே, உங்க சாச்சியாம். ஒரே அழுவை."

சாச்சிக்குப் பேச்சு குழறியது. "நாலு பேரு வந்தானுங்கடி. கதவத் தட்டி, 'சாச்சி ஊடு இதானா?'ன்னு கேட்டானுங்க. உங்க ஆளுங்கதான்னு நெனச்சுத் தொறந்துட்டேன். புள்ளய இழுத்துக்கினு பூட்டானுங்க."

இர்பானா போனைக் கெங்கம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள். கண்டவன் எல்லாம் சாச்சி ஊடு என்று சொல்லமாட்டான். அந்தப் பத்து எழுத்தைப் படித்தவன்தான் சொல்லுவான். பொருள் சொல்லிக் கொடுத்தவளும் ஒருத்திதான்.

வக்கீல் ஆசீர்வாதம் போலீசுக்கு அலைந்தார். திங்கட்கிழமை கோர்ட்டில் டவாலி மூன்று முறை சஹாபுதீன் பெயரைக் கூப்பிட்டான். நான்காவது முறை கூப்பிடும் வழக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை திருநின்றவூர் தாண்டித் தண்டவாளத்தில் கிடந்தவனை, ரயிலில் அடிபட்டவன் என்று எழுதித் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் இருந்து கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். பீவி ஜான் கூடத்தில் மார்பில் அடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுப் பேச்சு அவனுங்களுக்கு எப்டிடி தெரியும்? எவனோ கூட இருந்தவன் சொல்லிக் குடுத்துருக்கான். அந்தக் கை வெளங்குமா? புழுத்துப் பூடும், பாரு!"

"ஆமா, நல்லா இருக்க மாட்டான்" என்றார்கள் சுற்றி இருந்த பெண்கள்.

இர்பானா எழுந்து அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"நாந்தாம்மா எழுதிக் குடுத்தேன்" என்றாள்.